மூன்று தாழ்ப்பாள்

கதவுக்காரர் என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவார்கள். மேசை, நாற்காலி, அலமாரி என்று யாராவது வந்தால் வேறு ஆளைப் பாருங்கள் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிற தச்சர். கதவும் நிலையும் பூட்டும் மட்டும்தான் அவர் வேலை. இந்த வீம்புக்காக மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. கடைகளில் செய்து வைத்த கதவுகள் வந்து குவிந்த பிறகு, மூன்று மாதம் பட்டறையில் ஈ ஓட்டினார்.

செல்போன் கடையில் வேலை பார்க்கும் மச்சினிதான் அவருக்கு பேஸ்புக்கில் ஒரு பக்கம் திறந்து கொடுத்தாள். செய்த வேலையைப் படம் எடுத்துப் போட வேண்டும், எந்த ஏரியா என்று கட்டாயம் எழுத வேண்டும், பக்கத்தில் இருப்பவர்கள்தான் கூப்பிடுவார்கள் என்று பாடம் எடுத்தாள். முதல் படத்துக்கு மூன்று லைக் விழுந்தது. ஒன்று மச்சினி, ஒன்று மனைவி, மூன்றாவது அவரே போட்டுக்கொண்டது.

அந்த நேரத்தில்தான் பஸ் டிப்போவுக்குப் பின்னால், மூன்றாவது மாடிக்குப் புதிதாகக் குடிவந்திருந்த பெண் அவரைக் கூப்பிட்டாள். ஐந்து வயது மகளைத் தவிர கூட யாருமில்லை. கதவுக்கு உள்பக்கம் மூன்று தாழ்ப்பாள் வேண்டும் என்றாள். கதவுக்காரருக்கு வாய் சும்மா இருக்காதே, ஒரு கதவுக்கு எதற்கு மூன்று என்று கேட்டுவிட்டார்.

"அவர் ஏற்கெனவே ரெண்டு கதவை உடைச்சிருக்காருண்ணா. நாங்க இங்க இருக்கறது தெரிஞ்சா இதையும் உடைப்பார்."

அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. நிலைக்குப் பின்னால் இரும்புப் பட்டை கொடுத்து, சுவருக்குள் நீள ஆணி இறக்கி, சொந்தத் தங்கைக்குச் செய்வதுபோல் செய்தார். தங்கச்சி என்றுதான் கூப்பிடவும் செய்தார். முடித்ததும் தயங்கித் தயங்கி வீடியோ எடுத்துக்கொள்ளட்டுமா என்றார். கதவை மட்டும் எடுங்கள் என்று சொல்ல அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. அவர் வாக்குத் தவறவில்லை. முகமில்லை, வீடில்லை, தெருப் பெயர்கூட இல்லை. கதவும் தாழ்ப்பாளைத் தள்ளுகிற ஒரு சின்னக் கையும் மட்டும்தான். தள்ளும்போது குழந்தை ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணியது. அந்தக் குரல்தான் மாமா அழகே, அதை எடுத்துவிடாதீர்கள் என்றாள் மச்சினி.

அழகுதான். வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. போன் ஓயாமல் அடிக்க, மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

அப்படி வந்தவர்களில் ஒருவன் பட்டறைக்கே நேரில் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, தணிந்த குரல், வார்த்தைக்கு வார்த்தை ஐயா. தம்பி விடுதி கட்டுகிறான், இருபது அறைக்கும் அதே மாதிரி வேண்டும், வீடியோவில் குழந்தை எண்ணுகிறதே, அந்தக் கதவை ஒருமுறை கையால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றான். கதவுத் தொழிலில் இது புதிதல்ல. பழைய வாடிக்கையாளர் வீட்டுக்குக் கூட்டிப்போய், நீங்களே தள்ளிப் பாருங்கள் என்று காட்டித்தான் இருபத்தைந்து வருடமாக அவர் வேலை பிடித்திருந்தார்.

அவள் சொன்னது அவருக்கு மறக்கவில்லை. வேறு இரண்டு வீடுகளைக் காட்டுகிறேன் என்றார். வந்தவன் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றான். இருபது கதவு. கூடவே நான் நிற்கப்போகிறேன், இரண்டு நிமிஷம், அதில் என்ன வந்துவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். கதவை உடைக்கிறவன் என்றால் சிவந்த கண்ணும் சாராய நெடியுமாக வருவான் என்று நினைத்துக்கொண்டிருந்தார் பாவி மனுஷன். இஸ்திரிச் சட்டையில் வருவான் என்று யார் கண்டது?

மத்தியானம் இருவரும் மாடி ஏறினார்கள். தட்டினார். உள்ளே மூச்சு விடும் சத்தம்கூட இல்லை. மறுபடியும் தட்டினார். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு குரல் கொடுத்தார்.

"தங்கச்சி, நான்தான். கதவுக்காரன்."

தாழ்ப்பாள்கள் ஒவ்வொன்றாக விலகின. பிசிறில்லாமல் எப்படி நகர்கிறது கேட்டீர்களா என்று பெருமையோடு பக்கத்தில் இருந்தவனைத் திரும்பிப் பார்த்தார். அவன் கதவைப் பார்க்கவில்லை. திறந்த கதவுக்குள் அம்மாவை ஒட்டி நின்ற மகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். குழந்தை நின்ற இடத்திலேயே பாவாடையை நனைத்துவிட்டது.

கிளம்பு என்றான், அதே தணிந்த குரலில். அவள் கத்தவில்லை. மகளுக்குச் செருப்பு மாட்டிவிட்டாள். கதவுக்காரர் குறுக்கே வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். இது எங்கள் குடும்ப விஷயம் ஐயா, ரொம்ப நன்றி என்று அவன் கைகூப்பினான். வெட்கம் கெட்டவர்போல வழிவிட்டு ஒதுங்கி நின்றார். அவரைத் தாண்டும்போது அவள் நின்றாள்.

"உங்க குரல்னுதான் திறந்தேண்ணா."

அவர்கள் ஏறிய கார் போன பிறகுதான் அவர் மாடியிலிருந்து இறங்கினார். போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினார். எழுதிக்கொண்டிருந்த காவலர் பேனாவை நிறுத்தி, அந்தப் பெண்ணின் பெயர் என்ன என்று கேட்டார்.

கதவுக்காரருக்குத் தெரியவில்லை. அவர் அதைக் கேட்டுக்கொண்டதே இல்லை.