போலெத்தெ மறுத்த கரடிப் பங்கு

கிழக்குக் கிரீன்லாந்தில், எங்கள் குடியிருப்பில், தானே நாய்வண்டி பூட்டிப் பனிக்கரடி வேட்டைக்குப் போகும் பெண் போலெத்தெ ஒருத்தியே. அவ்வாண்டு வசந்தத்தில் அவள் வீழ்த்திய முதிர்ந்த கரடியைக் காண ஊரே திரண்டது. முதற்பங்கு அவளுடைய மகள் இவாலுவுக்கு என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. இவாலு அப்போது கருவுற்றிருந்தாள். பிறக்கவிருந்த குழந்தைக்குப் போலெத்தெயின் மறைந்த தந்தை பீட்டாக்கின் பெயர். பெயரை ஏற்கும் பிள்ளையாய் அவரே மீள்வார் என்பது எங்கள் துணிபு. ஆதலின் அவர் விரும்பியதைத் தாய்க்கு ஊட்டுவோம். பீட்டாக் விரும்பியது கரடிக் கொழுப்பு.

பங்கிடும் நாளன்று காலை மருத்துவ நிலையத்துத் தாதி சோஃபி, போலெத்தெயைத் தனியே அழைத்தாள். இவாலுவின் குருதியில் பாதரசம் மிகுந்திருந்தது.

"எங்கேயோ இருக்கிற ஆலைங்களோட விஷம் காத்துலயும் கடல்லயும் இங்க வந்து சேருது. மீன், மீனத் தின்னுற சீல், சீலத் தின்னுற கரடின்னு ஏற ஏறக் கூடுது. குழந்தையோட மூளையத் தாக்கும், அக்கா. பால் மறக்கிற வரைக்கும் கரடி, திமிங்கிலம் எதுவும் வேணாம்."

"என் கரடி விஷமா?" போலெத்தெயின் முகம் சிவந்தது.

"உங்க மேல தப்பில்ல. கரடி மேலயும் இல்ல. நிலத்துல மேயிறதக் கொடுங்க."

போலெத்தெ வெளியேறினாள்.

பங்கிடும் இடத்தில் அவள் தமையன் ஏலியாஸ், கொழுப்புக் கிண்ணத்துடன் இவாலுவின் வயிற்றருகே குனிந்தான்.

"அப்பா, உங்களுக்குப் பிடிச்சது வந்தாச்சு!"

எல்லாரும் நகைத்தனர். போலெத்தெ கிண்ணத்தைப் பிடித்தாள்.

"குடுக்காத அண்ணே."

"என்னடி, கரடியச் சுட்டதும் தலைக்கனமா? பெத்த அப்பனையே பட்டினி போடுறே!"

"அப்பா அப்ப ஆறடி ஆளு, தாங்கினாரு. இப்ப கையகலம்தான் இருக்காரு. இது அவருக்கு விஷம். பல்லு முளைக்கட்டும், அப்புறம் பாப்போம்."

நகைப்பு அடங்கியது. தன் வாழ்நாளின் பெருவேட்டையின் முதற்பங்கை, அத்தனை பேர் முன்னிலையில், அவளே முதியோர்க்கு ஈந்தாள். பின் நாய்களைப் பூட்டி, கடலுக்குப் புறங்காட்டி, கஸ்தூரி எருதுகள் மேயும் உள்நிலம் நோக்கிச் சென்றாள். பனிப்புயல் ஓய்ந்தபின் திரும்பியவளின் வண்டி நிறைய எருதுக்கறி. வீட்டுக்கலத்தில் பேறுகாலம்வரையும் அதன் பின்னரும் அதுவே வெந்தது.

இவாலுவின் குருதியில் பாதரசம் இறங்கிற்று. இலையுதிர் காலத்தில் பீட்டாக் பிறந்தான். அவன் அழுகுரல் அண்டை வீடுகளுக்கும் கேட்டது.

மறு குளிர்காலத்தில் ஏலியாஸின் மகன் நில்ஸ் அவள் வாயிலில் நின்றான்.

"அத்தை, என் பொண்டாட்டியும் மாசமா இருக்கா. எருது எந்தப் பள்ளத்தாக்குல நிக்குது?"

"உங்கப்பன் என்ன சொன்னான்?"

"உங்கிட்ட கேக்கச் சொன்னதே அவர்தான்."

போலெத்தெ நாய்வண்டிச் சவுக்கைக் கையில் எடுத்து, நாய்களைப் பூட்ட வெளியே வந்தாள்.