கோபத்தை வெளியேற்றும் காட்சி

மயிலாப்பூரில் நான் தமிழ் கற்பிக்கும் ஆண்கள் பள்ளியின் ஆண்டுவிழாவுக்கு ஒரு செய்யுள் நாடகம் எழுதினேன். நன்றாகவே எழுதியிருந்தேன், அதைச் சொல்ல எனக்கென்ன கூச்சம்? மனித மனம் ஒரு வீடு. கோபமும் பொறாமையும் பேராசையும் அதில் குடியேறி அட்டகாசம் செய்கின்றன. மனம் ஒவ்வொன்றாக அவற்றை வெளியேற்றிவிட்டு, கடைசியில் அன்பை உள்ளே அழைக்கிறது. நீதி பளிச்சென்று தெரியும்.

கோபத்துக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. ஏழாம் வகுப்பில் ஒரு பட்டினப்பாக்கத்துப் பையன் இருந்தான். சீண்டினால் கை நீட்டிவிடுவான்; பாதி நாள் வகுப்புக்கு வெளியேதான் நிற்பான். மீன்கடை வைத்திருக்கும் அவன் அம்மா பள்ளிக்கு வந்ததெல்லாம் புகார் கேட்கத்தான். “இந்தத் தடவை பாராட்டு கேட்க வாங்கம்மா” என்று நானே போனில் கூப்பிட்டேன்.

“மெய்யாலுமா மிஸ்? யாரையும் அட்ச்சிடலியே?” என்றார்.

விழாவன்று கடையைத் தங்கையிடம் விட்டுவிட்டு, பட்டுப்புடவையில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பையன் அசத்தினான். அகவலை யாரும் அப்படி முழங்கி நான் கேட்டதில்லை. அரங்கமே கைதட்டியது. அவர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் “எம்புள்ளதான்” என்றார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

அடுத்து, மனமாக நடித்தவன் கோபத்தைத் தோளைப் பிடித்துத் தள்ளி, அட்டைக் கதவைச் சாத்தினான். அந்த அம்மா விருட்டென்று எழுந்துவிட்டார்.

“இன்னா மிஸ் இது? இங்கயும் எம்புள்ளயத்தான் வெளிய நிக்க வெப்பீங்களா?”

அரங்கம் கொல்லென்று சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, உட்காரவும் இல்லை. கதவுக்கு வெளியே அவர் மகன் தலைகுனிந்து நின்றான். அது நடிப்பல்ல.

மனமாக நடித்தவன் திகைத்துப்போய் என்னைப் பார்த்தான். திரை ஓரத்திலிருந்து, கதவைத் திற என்று சைகை காட்டினேன். யோசிக்கவே இல்லை. அவன் திறந்து, “உள்ள வாடா மச்சி” என்றான். நான் எழுதிய செய்யுளில் அப்படி ஓர் அடி கிடையாது.

கோபம் உள்ளே போனதைப் பார்த்த பொறாமையும் பேராசையும் வெளியேறவே மறுத்துவிட்டன. நீதி சொல்லும் கடைசிப் பாட்டு அரங்கேறவில்லை. எனக்கு அதில் துளி வருத்தமில்லை. அன்பு வந்தபோது அந்தச் சின்ன வீட்டில் நிற்க இடமில்லை. கோபம்தான் ஒதுங்கி இடம் விட்டான்.

அதைப் பார்த்த பிறகுதான் அந்த அம்மா உட்கார்ந்தார்.