செல்லத்தாயின் மீன்தொட்டி

ஆனையூரில் செல்லத்தாய் வீட்டுக்கு வழி கேட்டால் அப்போது ரொம்பச் சொல்ல வேண்டியதில்லை. மீன்தொட்டி வீடு என்றால் போதும், பால்காரரே கூட்டிவந்து விட்டுவிடுவார். எண்பத்து நாலாம் வருஷம் அந்தத் தெருவில் டி.வி.கூட வரவில்லை. கண்ணாடிக்குள் தண்ணீர் ஊற்றி, மீன் விட்டு, விளக்குப் போட்டு வைத்திருந்த வீடு அது ஒன்றுதான். அந்தப் பெருமை முழுக்க அவள் புருஷன் உக்கிரபாண்டியைச் சேர்ந்தது. கழுவுகிற வேலை மட்டும் அவளைச் சேர்ந்தது.

உக்கிரபாண்டி லாரி டிரைவர். மெட்ராஸுக்கு லோடு கொண்டுபோன இடத்தில் எவனோ விலைக்கு விட்ட தொட்டியை வாங்கி, வைக்கோல் சுற்றி, சீட்டுக்குப் பின்னால் வைத்து ஒரு கீறல் விழாமல் கொண்டுவந்து சேர்த்தான். நாலு பக்கமும் இரும்புச் சட்டம், கண்ணாடி சேர்கிற இடமெல்லாம் தண்ணீர் கசியாமல் மக்கு பூசியது. காற்று விடுகிற குட்டி மோட்டாரும் கூடவே வந்தது. மீனை மதுரையில் வாங்கினான். தெருவே கூடி நிற்க பிளக்கைச் சொருகி, குமிழி வரவைத்துக் காட்டினான். மறுநாள் அடுத்த லோடு. வண்டி ஏறும்போது, "பாத்து வச்சுக்க" என்றான். அதோடு அவன் பங்கு முடிந்தது. வாங்கிப்போடுகிற ஆம்பளைகளின் வழக்கம் அதுதானே.

பார்த்து வைத்துக்கொள்ள அவளுக்கு ஏற்கெனவே நிறைய இருந்தது. மூத்தவன் காளை மூன்றாம் வகுப்பு. அடுத்தவள் அழகு என்று கூப்பிடுகிற அழகம்மாள், ஐந்து வயசு, இன்னும் பள்ளிக்கூடத்தில் போடவில்லை. கடைசி கைக்குழந்தை, பால்குடி மறக்காதது. இதுபோக பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சமையல் வேலை. விடியும் முன்னே அடிபம்பில் குடம் போட்டு, வீட்டுக்கு ஆக்கி வைத்துவிட்டு, கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டு ஓட வேண்டும். அங்கே போனால் இருநூறு பிள்ளைக்கு அரிசி களைந்து உலை வைக்க வேண்டும். திரும்பிவரும்போது முதுகு அவளுடையதாக இருக்காது.

தொட்டி என்பது சும்மா நிற்கிற சாமான் இல்லை என்பது அவளுக்கு முதல் மாதத்திலேயே தெரிந்துபோனது. ஒரு வாரம் கவனிக்காவிட்டால் கண்ணாடியில் பச்சையாகப் பாசி படரும். மிஞ்சிய தீனி அடியில் அழுகி வாடை அடிக்கும். கரண்டு போய் மோட்டார் நின்றால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். தண்ணீரை மாற்றுவதென்றால் ஒரு பொழுது வேலை. குளுக்கோஸ் ஏற்றுகிற டியூப் ஒன்றை யாரிடமோ வாங்கி வைத்திருந்தாள். அதன் ஒரு முனையைத் தொட்டிக்குள் விட்டு மறு முனையை வாயால் உறிஞ்சினால் அழுக்குத் தண்ணீர் வாளியில் இறங்கும். பாதி நாள் வாய்க்குள்ளும் இறங்கும். துப்பிவிட்டு, மணலை அள்ளி அலசி, பாசியைத் துணியால் தேய்த்து, அடிபம்பிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றி நிமிரும்போது கைக்குழந்தை பாலுக்குக் கத்திக்கொண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை தவிர அதற்கு நேரம் ஏது? அந்த ஞாயிற்றுக்கிழமையும் அவளுக்கு என்று முழுசாகக் கிடைத்ததில்லை.

தூக்கி வீசிவிடலாம் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறாள். வீசாததற்குக் காரணம் மகள் அழகு. அந்தப் பிள்ளை தொட்டி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் சோறு தண்ணீர் கேட்காது. எந்த மீன் எதை விரட்டுகிறது, எது மணலை வாயில் அள்ளித் துப்புகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும். பக்கத்து வீட்டுக்காரி அவ்வப்போது எட்டிப் பார்த்துக்கொண்டால் போதும். உண்மையைச் சொன்னால், செல்லத்தாய் வேலைக்குப் போன நேரத்தில் அழகுவை வளர்த்தது அந்தத் தொட்டிதான். அது செல்லத்தாய்க்கும் தெரியும். அதனால்தான் முனகிக்கொண்டே கழுவினாள்.

பங்குனி வெயிலில் அழகுவுக்கு மணல்வாரி அம்மை போட்டது. உடம்பெல்லாம் மணலைத் தூவியதுபோல் பொரிந்து, காய்ச்சல் அனலாக அடித்தது. வாசலில் வேப்பங்குலை செருகியாயிற்று. வீட்டில் தாளிக்கக் கூடாது, மீன் கறி ஆகாது, வெளி ஆள் உள்ளே வரக் கூடாது. அம்மை கண்ட வீட்டுக்காரி ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆக்கிப்போடவும் கூடாது என்பதால் செல்லத்தாய் வேலைக்கும் போகவில்லை.

உக்கிரபாண்டியின் அக்காள் மாயக்காள் வாடிப்பட்டியிலிருந்து வந்து வாசலுக்கு வெளியே நின்றாள். உள்ளே விளக்கு எரிந்த தொட்டி அங்கிருந்தே தெரிந்தது.

"மீனை வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டு ஆத்தாளையும் வச்சுக்கிட்டா எப்படி செல்லத்தாயி? கவிச்சியில்ல?"

"உசுரோட நீந்துறது எப்படிக் கவிச்சியாகும் மதினி? சட்டியில கெடந்தாத்தானே கவிச்சி?"

"மீனுன்னா மீனுதான். கொண்டுபோயி கம்மாயில விட்டுரு."

உள்ளேயிருந்து அழகு அழுதது. மீனைக் கொண்டுபோனால் கஞ்சி குடிக்கமாட்டேன் என்றது. கடைசியில் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வழி பண்ணினார்கள். தொட்டியை மஞ்சள் துணி போட்டு மூடிவிடுவது. மீன் தண்ணீரில் கை நனைத்தவள் பிள்ளையைத் தொடக் கூடாது என்பதால், அம்மை இறங்கித் தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றி முடிகிறவரை செல்லத்தாய் தொட்டிப் பக்கமே போகக் கூடாது. காளை மட்டும் துணியைத் தூக்கி ஒரு சிட்டிகை தீனி போடலாம். இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. பிள்ளை பிழைக்க வேண்டும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

காய்ச்சலோடு அழகுவின் கண்கள் சிவந்து பீளை கட்டின. வெளிச்சம் பட்டால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். சூடு கண்ணுக்கு ஏறியிருக்கிறது என்று மாயக்காள் வாசலிலிருந்தே சொன்னாள். செல்லத்தாய் தன் பாலையே நாலு சொட்டுப் பீய்ச்சி விட்டாள். வீட்டில் அந்த நேரம் பறிபோய்க்கொண்டிருந்தது அந்தக் கண்கள்தான். அது அங்கே ஒருத்தருக்கும் தெரியவில்லை. பொரிப்பு உதிர்கிறதா, காய்ச்சல் இறங்குகிறதா என்றுதான் எல்லாரும் பார்த்தார்கள்.

ஆத்தா இறங்கினாள். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு மூன்று தண்ணீரும் ஊற்றியாயிற்று. பிள்ளை மெலிந்து குச்சியாக இருந்தாலும் எழுந்து உட்கார்ந்தது. செல்லத்தாய் நிம்மதியாக மூச்சு விட்டுவிட்டு மஞ்சள் துணியை எடுத்தாள். உள்ளே தண்ணீர் கீரை வேகவைத்த தண்ணீராகக் கிடந்தது. ஒரு மீன் செத்து ஊதியிருந்தது. மற்றவையெல்லாம் பாசிக்குள் எங்கோ அசைந்தன.

அழகு கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தாள். "தண்ணி கலங்கலா இருக்கும்மா. மீனே தெரியலை."

"தெரியாதுதான். ஞாயித்துக்கிழமை மாத்துறேன் கண்ணு."

அதில் என்ன பொய்? கலங்கித்தானே இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை உக்கிரபாண்டி வந்தான். கூட கிளீனரும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். கோழி அடித்துக் குழம்பு வைத்து, அவர்கள் தின்று தூங்கி எழுந்து போவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. மறுநாளிலிருந்து சத்துணவு வேலை இரட்டிப்பாக இருந்தது. அவள் வராத நாளெல்லாம் தனியாக மல்லுக்கட்டிய கூட்டாளி ராக்கம்மாள் இப்போது தன் பங்குக்கு லீவு போட்டிருந்தாள். அண்டா தூக்குகிற வேலையும் இவள் தலையில் விழுந்தது. வீட்டுக்கு வந்தால் கைக்குழந்தைக்கு வயிற்றால் போய்க்கொண்டிருந்தது.

"தண்ணி மாத்தலையாம்மா? கலங்கலாவே இருக்கு."

"மாத்துறேன்டி. எனக்கென்ன பத்துக் கையா இருக்கு?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் தம்பி பிள்ளைக்குக் காது குத்து. தூரத்துச் சொந்தத்தில் விசேஷம் என்றால்கூடச் சாக்குச் சொல்லலாம், கூடப்பிறந்தவன் வீட்டுக்கு அத்தைக்காரி போகாமல் எப்படி? போனாள். அங்கே பந்தலில் அழகு சுருட்டி வைத்த பாய் ஒன்றில் இடறி விழுந்தாள். சாயங்காலம் திரும்பி வந்தபோது வீட்டு நிலைப்படியிலும் முட்டிக்கொண்டாள். "கண்ணை எங்கடி வச்சுக்கிட்டு நடக்குறே?" என்று செல்லத்தாய் முதுகில் ஒன்று வைத்தாள். பிள்ளை அழவில்லை. இருட்டிவிட்டது அம்மா என்று மட்டும் சொன்னது. இன்னும் விளக்கு வைக்கிற நேரம் ஆகவில்லை. அதையும் செல்லத்தாய் காதில் வாங்கினாள். வாங்கிக்கொண்டு கைக்குழந்தையின் துணியை அலசப் போய்விட்டாள். பின்னாளில் அவள் எதை நினைத்து நெஞ்சில் அடித்துக்கொண்டாலும் அந்த ஒரு அடியை நினைத்துத்தான் அதிகம் அடித்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்துக்குத் திடீரென்று ஒரு நாள் விடுமுறை விட்டார்கள். யாரோ பெரிய மனிதர் தவறிவிட்டார் என்றார்கள். செல்லத்தாய் யார் என்றுகூடக் கேட்கவில்லை. இன்றைக்கு விட்டால் கிடையாது என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தொட்டி வேலையில் இறங்கினாள். மீன்களைக் குண்டானில் பிடித்து விட்டாள். டியூபை உறிஞ்சி அழுக்கு முழுவதையும் இறக்கினாள். மணலை வாசலுக்குக் கொண்டுபோய், அலசிய தண்ணீர் தெளிகிறவரை அலசினாள். கண்ணாடியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துத் துடைத்தாள். குடம் சுமந்து சுமந்து இடுப்பு கன்னிப்போனது. கடைசிக் குடத்தை ஊற்றி, மீன்களை விட்டு, மோட்டாரைப் போட்டுவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது அவளுக்கே சந்தோஷமாக இருந்தது. வாசல் வெயில் தொட்டிக்குள் விழுந்து அடி மணல் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. இந்தத் தொட்டி வீட்டுக்கு வந்த நாளில்கூட இப்படி இருந்ததில்லை.

"அழகு, இங்க வா. வந்து பாரு ஒம் மீனை."

அழகு சுவரைத் தடவிக்கொண்டு வந்தாள். தடவிக்கொண்டு வந்ததைச் செல்லத்தாய் அன்றைக்குத்தான் பார்த்தாள். பிள்ளை வழக்கம்போல உட்கார்ந்து, கண்ணாடியில் மூக்கை வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது.

"எப்பம்மா மாத்துவ?" என்றது.

"மாத்திட்டேன்டி. இம்புட்டு நேரம் என்ன பண்ணுனேன்?"

"இல்லம்மா. கலங்கலாத்தான் இருக்கு."

செல்லத்தாய் குனிந்தாள். பிள்ளையின் தாடையைப் பிடித்து வெயில் பக்கம் திருப்பினாள். இரண்டு கருவிழியிலும் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. பூ விழுந்த கண்ணை அவள் கிழவர்களிடம் பார்த்திருக்கிறாள். தினமும் தலை சீவி, சோறு ஊட்டி, முகம் கழுவிவிட்ட பிள்ளையிடம் அதைப் பார்க்காமல் இருந்திருக்கிறாள். எரிச்சலில் சீவி, அவசரத்தில் ஊட்டி, இருட்டில் கழுவிவிட்டால் எங்கே தெரியும்?

கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் போட்டுவிட்டு, ஈரச் சேலையோடு அழகுவைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். கண்ணாஸ்பத்திரியில் டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தார். இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். வலது கண் முழுசும் போய்விட்டது, இடது கண்ணில் கொஞ்சம் வெளிச்சம் தெரிகிற அளவுக்கு முயற்சி பண்ணலாம் என்றார்.

"சத்துக் கொறைஞ்ச உடம்புல இந்த அம்மை வந்தா கண்ணைப் பிடிச்சிரும்மா. காய்ச்சல் விட்ட உடனே கூட்டிட்டு வந்திருந்தா மருந்து கொடுத்திருக்கலாம். கண்ணு தெரியலைன்னு பிள்ளை ஒண்ணுமே சொல்லலையா?"

ஊர்ப் பிள்ளைகளுக்குச் சத்துணவு ஆக்குகிறவளிடம், உன் பிள்ளைக்குச் சத்து இல்லை என்று சொன்னதுகூட அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. கடைசியாகக் கேட்டதற்குத்தான் அவளால் வாயைத் திறக்க முடியவில்லை. டாக்டரம்மா இரண்டு தடவை கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு எல்லாரும் வந்து பார்த்தார்கள். உக்கிரபாண்டி லாரியைப் பாதி வழியில் வேறு டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டு ஓடிவந்தான். மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பொண்டாட்டியை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ராக்கம்மாள் வந்தாள், விதி என்றாள். அக்கம்பக்கத்தார், யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றார்கள். ஒருத்தராவது தன்னைத் திட்டுவார்கள் என்று செல்லத்தாய் காத்திருந்தாள். யாரும் திட்டவில்லை. அந்த இரக்கம் அவளுக்கு அடியைவிட மோசமாக இருந்தது.

மாயக்காளும் வந்து அழகுவைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, செல்லத்தாயின் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதலாகத்தான் சொன்னாள்.

"நீ என்ன பண்ணுவ, சின்னஞ்சிறுசு. நான் அன்னைக்கே சொன்னேன், கம்மாயில விட்டுருன்னு. கவிச்சியை மூடி வச்சா ஆத்தாளுக்குத் தெரியாமலா போகும்? ஆத்தா கண்ணை எடுத்துக்கிட்டா. அவ கோவத்துக்கு நாம என்ன பண்ண முடியும்?"

உக்கிரபாண்டி தலையை ஆட்டினான். செல்லத்தாய் கையை மெதுவாக உருவிக்கொண்டாள்.

"ஆத்தா மேல போடாதீக மதினி. பிள்ளை தெரியலை தெரியலைன்னு எங்கிட்ட சொல்லிக்கிட்டேதான் இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை பாப்போம்னு நாந்தான் சொன்னேன்."