போனை யார் வைப்பது

என் வீட்டுக்காரருக்கு வலிப்பு மாத்திரை ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. முன்பு ஒரு ராத்திரி தவறியது. மறுநாள் காலை தறிக்குடோனில், ஓடுகிற தறிக்குப் பக்கத்திலேயே விழுந்தார். ஒரு முழம் தள்ளி விழுந்ததால் பிழைத்தார். அன்றிலிருந்து மாத்திரை டப்பா என் பொறுப்பு.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் போட்டதுதான் கடைசி மாத்திரை. பழைய மருந்துச் சீட்டுக்குக் காலம் முடிந்துவிட்டது. அவர் கோயமுத்தூர் டாக்டரிடம் போனிலேயே, ஆஸ்பத்திரி ஆப் வழியாக வீடியோவில் பேச ஏற்பாடு செய்து கொடுத்துவிட்டு, நான் அடுப்படிக்குப் போனேன்.

"டாக்டர் பேசிட்டாரு அம்மணி. அதே மாத்திரைதானாம். சீட்டு போனுக்கே வந்துருமாம்" என்றார் பின்னாலேயே வந்து.

வந்ததா? எங்கே வந்தது! குறுஞ்செய்தியில் இல்லை. வாட்ஸ்அப்பைத் திறந்தால் நூல் வியாபாரிகளின் பில்லும் ரோஜாப்பூ போட்ட காலை வணக்கங்களும்தான். ஆஸ்பத்திரி உதவி எண்ணுக்கு அடித்தால் பாட்டுத்தான் பாடியது, ஆள் எடுக்கவில்லை.

மருந்துக்கடைக்காரரைக் கூப்பிட்டேன். சூலூரில் எங்கள் பக்கம் ஞாயிறு மதியத்தோடு கடையைச் சாத்திவிடுவார்.

"சீட்டில்லாம இந்த மாத்திரையக் குடுக்கக் கூடாதுங்க்கா. கோவிச்சுக்காதீங்க. ஒரு மணி வரைக்கும் இருக்கறனுங்க."

அவரைக் கோபித்து என்ன பண்ண? அவர் சொன்னது நியாயம். என் கோபமெல்லாம் சோபாவில் சிவனே என்று உட்கார்ந்திருந்த மனுஷர்மேல்தான்.

"ஏனுங்க, டாக்டர் பேசி முடிச்சப்புறம் என்ன செஞ்சீங்க? ஒண்ணு விடாமச் சொல்லுங்க."

"வெச்சர்றேன்னாரு. சரிங்க, நீங்க வையுங்கன்னேன். வெச்சுட்டாரு. அப்புறம் போனு, பேசி முடிச்சாச்சான்னு கேட்டுது. இல்லைன்னு அமுக்கிப்போட்டேன்."

"இல்லைன்னா?"

"பின்ன? அத்தாப் பெரிய டாக்டரப் போதும் போங்கன்னு சொல்றதா? மரியாதையா இருக்குமா அம்மணி?"

தலையில் அடித்துக்கொண்டேன். இந்த வீட்டில் யாரும் போனை முதலில் வைக்கவே மாட்டார்கள். "வெச்சறட்டுங்களா?" "நீங்க வையுங்க." "இல்லீங்க, நீங்க வையுங்க." பேசிய விஷயத்தைவிட இது நீளமாக ஓடும். மனிதர்களிடம் சரி, இருந்துவிட்டுப் போகட்டும். போனிடமுமா மரியாதை!

போனைப் பிடுங்கி அந்த ஆப்பைத் திறந்தேன். அந்தக் கேள்வி மறுபடியும் வந்து நின்றது. கீழே பொடி எழுத்தில், ஆம் என்றால் சீட்டு வரும் என்று போட்டிருந்தது. ஒரே அமுக்கு. டிங்! டாக்டர் கையெழுத்தோடு, மாத்திரைப் பெயரோடு, பளிச்சென்று சீட்டு.

"வந்துருச்சு!" நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

ஸ்கூட்டரில் பறந்தேன். கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து போனை உள்ளே நீட்டினேன். கடைக்காரர் நிதானமாகப் படித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "செயிச்சுப்போட்டீங்க்கா!" ஆமாம், ஜெயித்துத்தான் விட்டேன். திரும்பி வரும் வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

மாத்திரை அட்டையை வீட்டுக்காரர் கையில் வைத்தேன். "பயந்துபோட்டேன் அம்மணி" என்றார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

பிறகு மெல்ல, "டாக்டரக் கூப்புட்டு ஒரு நன்றி சொல்லோணும்" என்றார்.

"தாராளமாச் சொல்லுங்க" என்றேன். "போனை மட்டும் நான் வெக்கறனுங்க."