ஓட்டம் பூஜ்யம்

சுனாமி அன்று, உடைந்த பாலத்துக்கும் ஒரு வள்ளத்துக்கும் இடையில் டைட்டஸின் வலது கால் நசுங்கியது. அதன் பிறகு அவன் கடலுக்குப் போகவில்லை. மணக்குடிக் காயலில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வீச்சுவலை போட்டான். மடவை மீன் கிடைக்கும், சில நாள் இறால். அவன் மனைவி செசிலி அதைச் சுசீந்திரத்துக்குக் கொண்டுபோய் விற்றாள். கடலுக்குப் போகிறவர்கள் காயல்காரர்களை ஆண்பிள்ளைகளாக மதிப்பதில்லை. கால் நன்றாக இருந்தபோது டைட்டஸும் மதித்ததில்லை.

பிறகு காயலின் மேற்கரையில் ஓர் இறால் பண்ணை வந்தது. இறாலைப் பிடித்து முடித்ததும் குளங்களைத் திறந்துவிடுவார்கள். கறுத்த தண்ணீர் கால்வாய் வழியாகக் காயலில் இறங்கும். கடல் மணலைத் தள்ளி ஆற்றின் வாயை மூடியிருக்கும் மாதங்களில் அந்தத் தண்ணீர் வெளியே போக வழியில்லை. மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வரும், பிறகு செத்து மிதக்கும். மனு கொடுத்தால் அதிகாரிகள் ஒரு வாரம் கழித்து வந்து தெளிந்த தண்ணீரைப் பார்த்தார்கள். ஆதாரம் கேட்டார்கள்.

காயல்காரர்களுக்குச் சங்கத் தலைவன் ததேயுஸ், செசிலியின் அண்ணன். ஆட்களைத் திரட்டிக்கொண்டு போய்ப் பண்ணையின் மடையை உடைப்பதாக இருந்தான். அந்தச் சமயத்தில்தான் ஏதோ ஓர் அரசுத் திட்டத்தில் காயலில் மீட்டர் வைக்கப்போவதாகச் செய்தி வந்தது. பண்ணைக் கால்வாய்க்குச் சற்றுக் கீழே இரும்புத் தூண் நட்டு, கை நீளக் குழாய் ஒன்றைத் தண்ணீருக்குள் கட்டினார்கள். அழுக்கு, பிராணவாயு, ஓட்டம் எல்லாவற்றையும் அது இரவும் பகலும் தனக்குள்ளேயே பதிந்துகொள்ளும். மாதம் ஒருமுறை பொறியாளர் சிவபிரசாத் வந்து பதிவைக் கணினியில் எடுத்துப் போவார். காவலுக்கு உள்ளூர் ஆள் வேண்டும் என்றார். ததேயுஸ் டைட்டஸைச் சொன்னான்.

மடையை உடைக்கும் திட்டத்தை ததேயுஸ் கைவிட்டான். "இனி நாம ஒண்ணும் பேசண்டாம் மக்கா. அது பேசும்" என்று கூட்டத்தில் சொன்னான். ஊர் காத்திருந்தது.

முதல் தடவை கறுத்த தண்ணீர் வந்தபோது மீட்டரின் முனையில் சளி போலப் பாசி அப்பியது. பதிவு முழுவதும் கெட்டுப்போனது. சிவபிரசாத் கரையில் ஆட்கள் நிற்கும்போதே டைட்டஸைத் திட்டினார். டீக்கடைக்காரன் கிளாஸைக் கழுவுகிற அளவுக்குக்கூட இதைக் கழுவத் தெரியாதா என்று கேட்டார். "இது கெட்டா வேற தரமாட்டாங்க. ஊருக்கு மீட்டரும் இல்ல, உமக்கு வேலையும் இல்ல" என்றார். முனை எப்போதும் சுத்தமாக இருக்க வேண்டும், ஆனால் காயக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

கெட்ட தண்ணீர் வந்தால் வலையைத் தூக்கிவிட வேண்டும், நல்ல தண்ணீரில் அலச வேண்டும். சிறுவயது முதல் டைட்டஸுக்குத் தெரிந்தது அது. அடுத்த முறை கால்வாயில் கறுப்பு இறங்குவதைக் கண்டதும் மீட்டரை அவிழ்த்து வீட்டுக்குக் கொண்டுவந்தான். வாளியில் கிணற்றுத் தண்ணீர் நிரப்பி அதற்குள் நிறுத்தினான். காயல் தெளியும்வரை தினமும் தண்ணீர் மாற்றினான்.

"எனக்க பேறுகாலத்துல இப்பிடி ஒரு வாளி வெள்ளம் கோரித் தந்தியா?" என்று செசிலி கேட்டாள்.

அவன் சிரித்தான். ஒவ்வொரு முறை கறுப்பு வந்தபோதும் அப்படியே செய்தான். மீட்டர் புதிது போல இருந்தது. சிவபிரசாத் பாராட்டினார்.

பண்ணையின் உரிமம் பற்றிய விசாரணை நாகர்கோவிலில் நடந்தது. ததேயுஸ் டைட்டஸுக்குப் புதுச் சட்டை எடுத்துக் கொடுத்து முன்வரிசையில் உட்காரவைத்தான். மீன் செத்த நாட்களை ஊர் மனுக்களில் எழுதிக் கொடுத்திருந்தது. விசாரணை அதிகாரி அந்த நாட்களின் பதிவைச் சுவரில் காட்டச் சொன்னார். எல்லா நாட்களிலும் பிராணவாயு நன்றாக இருந்தது. அழுக்கு இல்லை. எதிலிருந்தும் எதுவும் இறங்கவில்லை. "ஓட்டம் பூஜ்யம்" என்று ஒவ்வொரு தேதிக்கும் அவர் வாசித்தார். ஆற்றின் வாய் மூடிய மாதங்களில் பூஜ்யம் யாருக்கும் வியப்பாக இல்லை. பண்ணையின் வக்கீல் வாயைத் திறக்கவே தேவைப்படவில்லை.

டைட்டஸ் எழுந்தான். "அன்னைக்கெல்லாம் அது எனக்க வீட்டுல இருந்துது சார். வாளியில."

"எந்த வாளியில?"

"கிணத்து வெள்ளத்துல."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிவபிரசாத்தைப் பார்த்தார். சுத்தமாக வைக்கச் சொன்னேன், வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லவில்லை என்றார் சிவபிரசாத். அது உண்மைதான். அப்படியானால் பதிவே இல்லை, பதிவு இல்லையென்றால் ஆதாரம் இல்லை என்றார் அதிகாரி. ஊர் அனுப்பிய ஆள்தான் மீட்டரில் கைவைத்திருக்கிறான் என்றும் எழுதிக்கொண்டார். பண்ணைக்கு உரிமம் நீடித்தது. மீட்டரை அந்த வாரமே கழற்றிப் போனார்கள்.

திரும்பும் பஸ்ஸில் ததேயுஸ் டைட்டஸின் பக்கத்தில் உட்கார்ந்தான். சுசீந்திரம் தாண்டியதும் கேட்டான்.

"மச்சான், தந்தானுவளா?"

காவல் வேலைக்கான சம்பளத்தைக் கேட்கிறான் என்று டைட்டஸ் நினைத்தான். வேலை போனதில் பாக்கி ஏதும் நிற்குமோ என்ற கவலை என்று எடுத்துக்கொண்டான்.

"மாசாமாசம் தந்தாவ. முடக்கினதில்ல" என்றான்.

ததேயுஸ் எழுந்து முன் இருக்கைக்குப் போய்விட்டான். இரவுக்குள் ஊர் முழுவதும் தெரிந்தது: பண்ணைக்காரன் மாதாமாதம் படியளந்திருக்கிறான், டைட்டஸே ஒத்துக்கொண்டான். செசிலி அண்ணன் வீட்டுக்கு ஓடினாள். வாளியைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னாள். உன் பங்கு எவ்வளவு என்று அவன் கேட்டான்.

டைட்டஸ் வலை போட்டால் அந்தப் பக்கம் நின்றவர்கள் தள்ளிப் போனார்கள். ஒரு காலை வலையைக் காணவில்லை. மறுநாள் கரையில் துண்டுதுண்டாகக் கிடந்தது. செசிலிக்கு விற்க ஊரில் யாரும் மீன் கொடுக்கவில்லை.

டைட்டஸ் பண்ணையின் ஆள் என்ற பேச்சு பண்ணைக்கும் போயிருந்தது. மேலாளர் ஆள் அனுப்பினார். தன் ஆட்கள் யாரோ ஏற்பாடு செய்திருப்பார்கள் என்று அவரும் நம்பினார். இப்படி ஒரு உபகாரத்தை மறக்கக்கூடாது என்றார். மடைக் காவல் இருக்கிறது, உட்கார்ந்து பார்க்கிற வேலை, காலுக்கும் தோது என்றார். டைட்டஸ் விளக்கப் பார்த்தான். மேலாளர் தோளில் தட்டி, இங்கே அதெல்லாம் பேச வேண்டியதில்லை என்றார்.

வீட்டில் இரண்டு நாளாக அடுப்பு புகையவில்லை. அவன் சேர்ந்தான்.

அடுத்த அறுவடை முடிந்த காலை மடையைத் திறக்கச் சொன்னார்கள். டைட்டஸ் செசிலியை ஃபோனில் கூப்பிட்டான்.

"ததேயுஸ்ட்ட போய் சொல்லு. வெள்ளம் விடப்போறாவ. வலைய எடுத்துக்கிடட்டு."

"நான் சொன்னா நம்புவானா?"

"சொல்லிப் பாரு."

அவள் இணைப்பைத் துண்டிக்கவில்லை. பின்னால் மேலாளர் வண்டியின் ஹாரனை அடித்தார். டைட்டஸ் ஃபோனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் மடைப் பலகையைத் தூக்கினான்.