பின்ரூமுக்குப் போகும் குழாய்

பதினாலாயிரத்து முந்நூற்று ஐம்பது. அந்த வீட்டுக்காரர் எங்களுக்குத் தர வேண்டிய பாக்கி அதுதான். அதை வாங்கத்தான் போனேன். வேறு எதற்கும் போகவில்லை.

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். எனக்குக் கதை கட்டத் தெரியாது. எழுத்துக் கூட்டிப் படிக்கவே முப்பத்தெட்டு வயதில்தான் கற்றுக்கொண்டேன். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். மணியெல்லாம் என் கைக்கடிகாரத்தில் நானே பார்த்தது.

வீடுகளுக்குச் சூடும் குளிர்ச்சியும் போடுவது என் வேலை. இரண்டுக்கும் ஒரே மெஷின்தான். வெயில் காலத்தில் குளிர்ந்த காற்று, குளிர் காலத்தில் சூடான காற்று. மெஷின் ஒரு சின்ன அறையில் நிற்கும். அங்கிருந்து தகரக்குழாய்கள் கூரைக்குள் ஓடி ஒவ்வொரு ரூமுக்கும் போகும். ஒவ்வொரு குழாயும் தொடங்கும் இடத்தில் உள்ளே ஒரு தகடு உண்டு. மூடி என்போம். அதைத் திருப்பிவிட்டால் அந்த ரூமுக்குக் காற்று போகாது.

மெஷின் வாங்கக் கடைக்கு வந்த அன்றைக்கே எங்கள் முதலாளி அந்த வீட்டுக்காரரிடம் சொன்னார்.

"அஞ்சு ரூம் வீட்டுக்கு இது பத்தாது சார். ஒரு சைஸ் பெருசா போங்க."

"நாலு ரூம்னு கணக்கு வைங்க. பின்ரூம்ல யாரும் இல்ல."

"நாளைக்கு யாராவது வந்து தங்கினா?"

"யாரும் வரமாட்டாங்க."

முன்பணம் கொடுத்துச் சின்ன மெஷினையே எடுத்தார். அந்த வருஷம் குளிர் சீக்கிரமே வந்துவிட்டது. நாங்கள் வேலையை முடித்த அன்று அவர் வீட்டு வாசற்படியில் பனி கண்ணாடி மாதிரி உறைந்து கிடந்தது. கடைசியாக என்னைக் கூப்பிட்டு, "பின்ரூம் மூடியை மூடிடுப்பா. காத்து வீணா போகும்" என்றார்.

மூடுவதற்கு முன் அந்த ரூமைத் திறந்து ஒரு தடவை பார்க்க வேண்டும். எங்கள் தொழிலில் முதலில் சொல்லித் தருவதே அதுதான். உள்ளே தண்ணீர்க்குழாய் இருந்தால் குளிரில் வெடித்துவிடும். நான் போய்ப் பார்த்தேன். கதவு பூட்டியிருந்தது. குழாயைக் கூரைக்குள்ளிருந்தே, சுவரில் ஏற்கெனவே இருந்த காற்றுத் துவாரத்தில் சேர்த்திருந்ததால் அதுவரை அந்த ரூமுக்குள் நான் போகவில்லை.

"சாவி எங்கயோ கிடக்குப்பா. அதான் யாரும் இல்லன்னு சொல்றேன்ல."

அன்றைக்கு எனக்கு அது மூன்றாவது வீடு. இடுப்பு விட்டுப்போயிருந்தது. சரி என்று மூடியைத் திருப்பி ஸ்க்ரூவை முடுக்கினேன். மெஷினில் தொங்கும் அட்டையில் தேதி போட்டு, 'பின்ரூம். ஆள் இல்லை' என்று எழுதினேன்.

இரண்டு மாதம் போயும் பாக்கி வரவில்லை. கேட்டால் மெஷின் சத்தம் போடுகிறது என்றார். முதலாளி என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நீதானே போட்ட? நீயே வாங்கிட்டு வா. ஊருக்கெல்லாம் சூடு போடறவன், அந்தாளுக்கு ஒரு சூடு போடத் தெரியலையா?"

"தரலன்னா?"

"உன் சம்பளத்துல பிடிப்பேன். நான் என்ன தர்ம சத்திரமா நடத்தறேன்?"

மாசக் கடைசியில் என் மகளுக்கு நர்சிங் படிப்புக்குப் பணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். சம்பளத்தில் கைவைத்தால் அது போச்சு. அதனால்தான் அன்றைக்கே கிளம்பினேன்.

சாயங்காலம் 6.10. இருட்டிவிட்டது. வீட்டுக்காரர் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். கம்பளித் தொப்பி, இரண்டு ஸ்வெட்டர். மூக்கெல்லாம் சிவந்திருந்தது.

"ஏன் சார் பனியில நிக்கறீங்க? உள்ள வாங்க."

"நீ போய்ப் பாரு. நான் இங்கயே இருக்கேன்."

"பாக்கி..."

"எடுத்து வச்சிருக்கேன். முதல்ல பாரு."

உள்ளே விளக்கெல்லாம் எரிந்தது. எல்லா விளக்கும். சுவரில் சூடு காட்டும் பெட்டியைப் பார்த்தேன். 27. அது நல்ல சூடு, சட்டையைக் கழற்றலாம். ஆனால் என் வாயிலிருந்து புகை வந்தது. பெட்டி கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

6.22. மெஷின் அறை. மெஷின் சரியாக ஓடியது. ஒரு கோளாறும் இல்லை. ஃபில்டரை உருவினேன். அது நான் புதிதாகப் போட்டது. இரண்டு மாதத்தில் கொஞ்சம் தூசிதான் படிந்திருக்க வேண்டும்.

முடி. நீளமான நரைமுடி. ஜடை ஜடையாகச் சிக்கியிருந்தது. வீட்டில் இருப்பவர் ஒரே ஆள். அவருக்கு முழு வழுக்கை.

முன்னால் யாராவது குடியிருந்திருப்பார்கள், பழைய முடி குழாய்க்குள் கிடந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தக் குழாய்களை எல்லாம் புதிதாகப் போட்டதே நான்தான் என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

6.35. பின்ரூமுக்குப் போனேன். இந்தத் தடவை கதவு திறந்தே இருந்தது. உள்ளே ஒரு இரும்புக் கட்டில். மெத்தை இல்லை. வேறு எதுவும் இல்லை. காற்று வரும் கிரில் கட்டிலுக்கு மேலே, சுவரில், கை எட்டும் உயரத்தில் இருந்தது.

நாங்கள் காற்றைச் சோதிப்பது ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துத்தான். மெல்லிய காகிதத்தை ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து கிரிலில் ஒட்டித் தொங்கவிட வேண்டும். காற்று வந்தால் வெளியே பறக்கும். வராவிட்டால் சும்மா தொங்கும். இங்கே மூடி மூடியிருக்கிறது, சும்மாதான் தொங்க வேண்டும். எதற்கும் இருக்கட்டும் என்று திரும்பிப் போய் மெஷினையே நிறுத்திவிட்டு வந்தேன். வீடு அமைதியாகிவிட்டது.

6.41. காகிதத்தை ஒட்டினேன்.

அது வெளியே பறந்தது.

கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு உள்ளே போய் கிரிலில் ஒட்டிக்கொண்டது.

மறுபடி வெளியே... மறுபடி உள்ளே...

ஜன்னல் காற்றாக இருக்கும் என்று பார்த்தேன். ஜன்னல் மூடி, விளிம்பெல்லாம் டேப் ஒட்டியிருந்தது.

காகிதம் வெளியே... உள்ளே... வெளியே...

நான் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். ஏன் எண்ணினேன் என்று தெரியவில்லை. கைப்பழக்கம். ஒரு நிமிஷத்துக்குப் பதினாலு தடவை.

என் மகள் வீட்டில் பாடம் படிக்கும்போது சத்தமாகப் படிப்பாள். படுத்திருக்கும் ஆள் நிமிஷத்துக்குப் பன்னிரண்டிலிருந்து இருபது மூச்சு விடுவார் என்று அவள் படித்தது என் காதில் கேட்டது. 

6.44. பத்து தடவையாகக் குறைந்தது.

6.47. ஆறு.

காகிதம் வெளியே வந்து நிற்கும். நிற்கும். இனி அவ்வளவுதான் என்று நினைக்கும்போது மெதுவாக உள்ளே போகும்...

6.49. நின்றுவிட்டது.

நான் அசையவில்லை.

அப்போது தகரத்தில் சத்தம். டக். நகத்தால் தட்டுகிற மாதிரி.

டக்... டக்...

"யாரு?" என்றேன்.

கிரிலுக்குள்ளிருந்து ஒரு பொம்பளைக் குரல். வயசான குரல். கோபம் இல்லை, அழுகை இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டைக் கேட்டால் சொல்வார்களே, அப்படி.

"ஆள் இருக்கு."

ஓடினேன்.

வாசலுக்கு ஓடவில்லை. இன்றைக்கும் அது எனக்குப் புரியவில்லை. மெஷின் அறைக்கு ஓடினேன்.

நான் முடுக்கிய ஸ்க்ரூ அப்படியே இருந்தது. மூடி இறுக மூடியிருந்தது. ஒரு ஊசி முனைக் காற்றுகூட அந்தக் குழாயில் போக வழியில்லை.

ஸ்க்ரூவைத் தொட்டேன். விரல் ஒட்டிக்கொண்டது. அவ்வளவு குளிர். தோல் உரிந்து வந்தது.

கழற்றினேன். மூடியைத் திருப்பினேன்.

குழாய்க்குள் நீளமாக ஒரு மூச்சு போனது.

மெஷின் ஓடவில்லை.

6.56. நான் வாசலில் நின்றேன். டூல்ஸ் பெட்டி உள்ளேயே கிடந்தது.

வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார்.

"உனக்கும் கேட்டுச்சா?"

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்தார். தடிமனாக இருந்தது.

"முழுசா இருக்கு. மேல ரெண்டாயிரமும் வச்சிருக்கேன். ஒரு வரி மட்டும் எழுதிக் குடு."

"என்ன வரி?"

"பின்ரூம் மூடி முதல்லேருந்து திறந்தே இருந்துச்சுன்னு."

"நீங்கதானே மூடச் சொன்னீங்க?"

"அட்டையைக் கிழிச்சுட்டேன். நீ எழுதினா போதும்."

பேனாவை நீட்டினார். வாங்கினேன். மகள் பரீட்சை கண்முன் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எழுதத்தான் வாங்கினேன். விரலில் தோல் உரிந்த இடத்தில் பேனா பட்டது. எரிந்தது. பேனாவை அவர் கையிலேயே வைத்துவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தேன்.

நான்கு நாள் கழித்து, அந்தத் தெருவில் கேஸ் மீட்டர் எழுத வருகிறவரை வேறொரு வீட்டில் பார்த்தேன். பழக்கமான ஆள். பேச்சு அங்கே இங்கே சுற்றி அந்த வீட்டில் வந்து நின்றது.

"அந்த வீடா அண்ணே? பாவம், அவரோட அக்கா போயிடுச்சே."

"எந்த அக்கா?"

"என்ன அண்ணே, மூணு வருஷமா பின்ரூம்ல படுக்கையா கிடந்துச்சே. பக்கவாதம். வீடே அந்த அம்மா பேர்லதான். வலது கை விரல் மட்டும் ஆடும். ஜன்னல்ல என்னைப் பார்த்தா ஒரு விரலைத் தூக்கும், நானும் தூக்குவேன். எங்களுக்குள்ள அதான் பேச்சு."

"பேசாதா?"

"பேச்சு முதல் நாளே போயிடுச்சு. மூணு வருஷத்துல ஒரு வார்த்தை பேசினதில்ல."

"எப்ப செத்துச்சு?"

அவர் நோட்டைப் புரட்டினார். "அன்னைக்கு மீட்டர் எழுதினேன், வாசல்ல வண்டி நின்னுச்சு. இந்தா. ரெண்டு மாசம் முன்ன, பதினேழாம் தேதி காலைல."

நான் ஸ்க்ரூ முடுக்கியது அதே மாசம் பதினாலாம் தேதி. மூன்று ராத்திரி.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். வயசானதால் செத்தது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டாராம். பின்ரூமில் கேட்டதைச் சொன்னபோது, எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடிவிட்டார்.

ஒன்றை மட்டும் ஸ்டேஷனில் சொல்லவில்லை. இங்கேயும் இதுவரை எழுதவில்லை. பதினாலாம் தேதி ஸ்க்ரூவை முடுக்கும்போது அந்தக் குழாயில் சத்தம் கேட்டது. டக். டக். டக். நான் கையை நிறுத்தினேன்.

"எலி இருக்கும் போல சார்" என்றேன்.

"ஆமாம்ப்பா, எலிதான்" என்றார்.

இன்னும் அரைச் சுற்று முடுக்கினேன்.

மகள் அந்தப் பரீட்சையை எழுதவில்லை. அடுத்த வருஷம் எழுதுவாள். முதலாளி மாசம் இரண்டாயிரத்து ஐம்பது பிடித்தார். ஏழு மாசம். நடுவில் அந்த வீட்டுக்காரர் கவரோடு கடைக்கு வந்து நின்றார். வாங்காதீர்கள், என் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"பைத்தியமாய்யா உனக்கு? அந்தாளு தர வேண்டியதை நீ ஏன் தர்ற?"

"எழுதிக்குங்க."

போன சனிக்கிழமை கடைசித் தவணை. முதலாளி நோட்டை எடுத்தார்.

"ரசீது யார் பேர்ல போடட்டும்? உன் பேர்லயா, அவர் பேர்லயா?"

"அந்த அம்மா பேர்ல."

"பேர் என்ன?"

எனக்குத் தெரியாது. மீட்டர்காரருக்கும் தெரியாது. முதலாளி பேர் போடாமலே கோடு இழுத்து, தீர்ந்தது என்று எழுதினார்.