முந்நூற்று அறுபத்தொரு நாள்

கடிதத்தைத் தபாலில் சேர்த்துவிட்டு சைக்கிளில் ஏறியபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. பாளையங்கோட்டை வெயில்கூட அன்று உறைக்கவில்லை. அந்தச் சந்தோஷம் ஒரு மணி நேரம்தான் நீடித்தது.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கிரகங்கள் அப்போதுதான் ஒவ்வொன்றாகத் தட்டுப்படத் தொடங்கியிருந்தன. நான் ஆராய்ந்த கிரகம் வியாழனைப் போலப் பெரியது. தன் நட்சத்திரத்தை ஒட்டிக்கொண்டு நான்கே நாளில் ஒரு சுற்றை முடித்துவிடும். அதன் காற்று மண்டலம் உலையாகக் கொதிக்கும். கண்ணால் பார்க்க முடியாது. அது இழுக்கிற இழுப்பில் நட்சத்திரம் லேசாக ஆடும். அந்த ஆட்டத்தின் வேகத்தை வைத்துத்தான் கணக்கு. அக்காவின் பிரசவத்துக்காக ஊருக்கு வந்தபோது அந்த வேகங்களை பிளாப்பியில் கொண்டுவந்திருந்தேன். தெரிந்தவருடைய கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். நான்கு நாள் கிரகத்தைக் கழித்த பிறகும் கொஞ்சம் ஆட்டம் மிச்சமிருந்தது. இன்னொரு கிரகம்! ஒரு சுற்றுக்கு முந்நூற்று அறுபத்தொரு நாள்.

பெங்களூரில் இருந்த என் பேராசிரியர் அடுத்த வாரம் வெளிநாட்டுக் கருத்தரங்குக்குப் போகவிருந்தார். புதிதாக ஏதாவது கிடைத்தால் எழுது, அங்கே எல்லோர் முன்னாலும் காட்டுகிறேன் என்று சொல்லியிருந்தார். எழுதிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து காகிதங்களை அடுக்கும்போதுதான் பார்த்தேன். நட்சத்திரம் வானில் இருக்கும் இடத்தைக் கம்ப்யூட்டரில் தட்டும்போது, மூன்று வரவேண்டிய இடத்தில் எட்டு என்று அடித்திருந்தேன். நாம் நின்று பார்க்கிற பூமியும் ஓடிக்கொண்டிருக்கிறது அல்லவா? அந்த ஓட்டத்தைக் கழித்தால்தான் நட்சத்திரத்தின் உண்மையான ஆட்டம் தெரியும். இடம் தவறினால் கழித்தலும் தவறும். அப்படிக் கழியாமல் நின்ற மிச்சத்தைத்தான் கிரகம் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.

கருத்தரங்கில் யாராவது ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டால் போதும், பேராசிரியர் மானம் போய்விடும். பிறகு என் ஆராய்ச்சிக்கு யார் கையெழுத்திட்டுத் தருவார்கள்? தெருமுனையில் எஸ்.டி.டி. பூத் இருந்தது. "சார், தப்பு பண்ணிட்டேன்" என்று மூன்று வார்த்தை சொன்னால் முடிந்தது. அதற்குத்தான் எனக்குத் துணிவு வரவில்லை. தபால் நிலையத்துக்கு சைக்கிளை மிதித்தேன்.

மூன்று மணிக்குத் தபால் பையைக் கட்டிவிடுவார்கள். நான் போனபோது இன்னும் இருபது நிமிடம் இருந்தது. கவுண்டரில் இருந்தவர் பொறுமையாக, போட்ட கடிதத்தை எழுதியவரே திரும்பக் கேட்கலாம் என்றார். அதற்கு ஒரு விண்ணப்பம், கூடவே உறையில் இருக்கும் முகவரியை அதே கையெழுத்தில் எழுதிக் காட்ட வேண்டும். எழுதினேன். பேனா என் பேச்சைக் கேட்கவில்லை. உள்ளே போய் என் உறையைத் தேடி எடுத்துவந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"என்னம்மா இது, கோழி கிண்டுன மாதிரி இருக்கு? ரெண்டும் ஒரே கையா தெரியலியே."

"நான்தான் அண்ணாச்சி எழுதுனேன். பயத்துல கை நடுங்குது."

"காதல் கடுதாசியா?"

"ஐயோ, இல்ல அண்ணாச்சி. ஒரு கிரகத்தப் பத்தி."

"அப்பம் உள்ள என்ன எழுதிருக்குன்னு சொல்லு. பிரிச்சுப் பாக்கேன். சரியா இருந்தா தாரேன்."

"அது ஒரு சுத்து சுத்த முந்நூத்தி அறுபத்தொரு நாள் ஆவும்னு எழுதிருக்கேன்."

அவர் உறையைப் பிரித்து எண்ணைத் தேடிப் பிடித்தார். பிறகு சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

"இது நம்ம வருசம்லா? நாலு நாளு குறையுது, அம்புட்டுதான."

நான் மூன்று வாரம் பார்த்துப் பார்த்து மகிழ்ந்த எண் அது. அதில் பூமியின் வருடத்தைக் கண்டுகொள்ள அவருக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. வெட்கத்தில் தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டுக் கடிதத்தை வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் வேறு கடிதம் அனுப்பினேன். நான்கு நாள் கிரகத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை என்று மட்டும் அதில் இருந்தது. நான் தவறாக அடித்த எட்டைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஒன்றும் இல்லை என்பதை நேர்மையாக எழுதினாள் என்று பேராசிரியர் அந்தக் கடிதத்தைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார். எனக்கு வேலை வாங்கித் தந்த பரிந்துரையிலும், அவசரப்படாத பெண் என்றே எழுதினார். உண்மையைச் சொல்ல எத்தனையோ முறை வாயெடுத்தேன். ஒவ்வொரு முறையும் அதே பயம். வருடம் ஆக ஆக அது கூடியதே தவிரக் குறையவில்லை.

அவர் ஓய்வுபெற்ற நாளில் மேடையிலும் அதையே சொன்னார். "இன்னொரு கிரகம்னு சொல்ல ஆசை இருந்திருக்கும். இவ சொல்லல." எல்லோரும் கைதட்டினார்கள். கீழே வாழ்த்து ஏட்டை நீட்டினார்கள். நானும் நான்கு வரி எழுதினேன்.

பக்கத்தில் நின்ற என் மாணவி எட்டிப் பார்த்தாள்.

"மேடம், இது உங்க கையெழுத்து மாதிரியே இல்லையே" என்றாள்.